வெளிச்சத்துக்குக் கிறுகிய முகம்

என் மச்சாளின் முகத்தை ஆளுயரத்தில் நான் முதன்முதலாகக் கண்டது கச்சேரிச் சுவரில். பாட்டுக் கச்சேரி அல்ல, அரசாங்கக் காரியாலயம். சுனாமி வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. மட்டக்களப்பில் அப்போது எல்லோரும் ஏதோ ஒரு வரிசையில் நின்றோம். நான் நின்ற வரிசை எதற்கானது என்பது எனக்கே சரியாகத் தெரியாது. நிமிர்ந்து பார்த்தால் சுவரொட்டியில் மச்சாள். கண் இடுங்கி, சீலைத் தலைப்பைப் பல்லில் கடித்தபடி அழுதுகொண்டிருந்தாள். கீழே உதவி கேட்டு மூன்று மொழிகளில் ஒரு வாசகம். இங்கிலீசும் சிங்களமும் நேராக நின்றன. தமிழ் எழுத்துகள் மட்டும் தாங்களும் அலையில் அடிபட்டவை போலக் கொம்பும் காலும் கழன்று கிடந்தன.

அவள் என் மாமாவின் மகள். கடற்கரையோரத்தில் வீடு. புருஷன், பிள்ளைகள் சின்னதாக இருக்கும்போதே ஆமியின் ஒரு சுற்றிவளைப்பில் போய்த் திரும்பாதவர். மகனை, வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கம் கேட்ட காலத்தில் இயக்கம் கொண்டுபோனது. மிஞ்சியிருந்த மகளைக் கடல் கொண்டுபோனது. பிள்ளையைத் தூக்கி வந்து தென்னைக்கடியில் கிடத்திய நேரம், எங்கிருந்தோ ஒரு படப்பிடிப்பாளன் வந்து நின்றிருக்கிறான். அவன் யார், எந்த நாடு என்று கடைசிவரை தெரியவில்லை. படம் உலகம் சுற்றியது. எங்கள் குடும்பத்தில் கொழும்பைத் தாண்டிய முதல் ஆள் மச்சாளின் அழுகைதான்.

வரிசையில் நின்றபடி எனக்கு ஒரு பழைய சினிமாப்படம் நினைவுக்கு வந்தது. துக்கத்தில் சினிமா நினைவுக்கு வருவது என் வியாதி. பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு படிப்பிப்பது தொழில். பத்திரிகைக்குச் சிரிப்புக்கட்டுரை எழுதுவது பழக்கம். இரண்டாவதை ஊரில் யாரும் தொழிலாக ஏற்றதில்லை, சிலர் சிரிப்பாகவும் ஏற்றதில்லை. படத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். அந்த நடிகைக்கு இன்னும் மனதுக்குள் கற்பூரம் காட்டுகிற என் வயதுக்காரர் சிலர் வீடு தேடி வந்துவிடுவார்கள்.

கறுப்பு வெள்ளைப் படம். நாங்கள் பார்த்தபோதே பழசு. புதுப்படம் வந்துசேராத கிழமைகளில் டவுன் தியேட்டரில் அதைப் போடுவார்கள். திரை முழுக்க மாரிமழை போலக் கோடு. அழுகைக் காட்சிக்குப் பேர்போன ஒரு நடிகையின் கதை. அவள் அழுதால் நாடே அழும். வீட்டில் ஒரு சீக்காளிப் பிள்ளை; அதன் பக்கத்தில் இருக்க அவளுக்கு நேரம் இல்லை. ஒருநாள் பிள்ளை செத்துப்போகிறது. அவள் மெய்யாகவே தலையில் அடித்துக் கதறுகிறாள். வாசலில் கூடிநின்ற ரசிகர்கள் கைதட்டுகிறார்கள். கைதட்டலோடு படம் முடியும்.

எனக்கு அப்போது மீசை வரவில்லை, அபிப்பிராயங்கள் வந்துவிட்டன. பஸ் நிலையத்தில் வைத்து மாமா குடும்பம் முழுவதற்கும் புகழின் விலை பற்றி ஒரு பிரசங்கம் செய்தேன். மச்சாள் கச்சான் கடலை உடைத்துக்கொண்டே கேட்டாள்.

"எல்லாம் சரி மச்சான். அந்த மனிசிக்கு அயலுக்குள்ள பொம்புளையள் ஒருத்தரும் இல்லையா?"

"அது பெரிய பங்களா. அயல் இல்ல."

"அப்ப அது பொய்ப்படம். ஒப்பாரிச் சத்தம் கேட்டா ஆரு எவரெண்டு பாத்தா போறம்? நம்மட ஊரில இப்பிடி நடக்குமா?"

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் ஒப்பாரி எழுந்தால், அயல் பெண்கள் உலையை இறக்கி வைத்துவிட்டு ஓடுவார்கள். வேலிச் சண்டை, கோழிச் சண்டை எதுவும் அந்தச் சத்தத்துக்கு முன்னால் நில்லாது. கழுத்தைக் கட்டிக்கொண்டு, மாறி மாறி, தங்கள் வீட்டில் செத்தவர்களையும் சேர்த்து அழுவார்கள். தனியே ஒருத்தி ஒப்பாரி வைப்பது என்று ஒன்று கிடையாது. மச்சாளின் விமர்சனத்தில் நியாயம் இருந்தது. படித்தவன் ஆனபடியால் நான் அதை ஏற்கவில்லை.

சுனாமிக்கு அடுத்த வருடம் வாவிப் பக்கமாக ஒரு புதுக் குடியிருப்பு கட்டினார்கள். படத்தில் இருந்தவள் என்று முதல் வீட்டை மச்சாளுக்குக் கொடுத்தார்கள். எங்களூரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஒரு தாய் ஆயுள் முழுக்கச் சிறுகச் சிறுகக் கட்டுவது மகளின் சீதனத்துக்காக. மச்சாளுக்கு ஒரே நாளில் ஓட்டு வீடு கிடைத்தது. கொடுக்க மகள் இல்லை. திறப்புவிழாவில் அவள் அழுததை ஆனந்தக் கண்ணீர் என்று மேடையில் சொன்னார்கள். அதை இங்கிலீசில் சொல்லும் வேலை எனக்கு வந்தது.

அது நிரந்தர உத்தியோகமாகவும் ஆனது. சனி ஞாயிறுகளில் வெளிநாட்டு உதவி நிறுவனங்களின் கொடி கட்டிய வெள்ளை வாகனம் வரும். அதற்கு முன்னால் என் மோட்டார்சைக்கிள் போகும், கூத்தில் ராசா வர முன்னம் களரிக்கு வந்து ஆடுகிற கட்டியகாரனைப் போல. வெள்ளை வாகனம் எங்கள் பக்கத்தில் இரண்டு வகை. ஒன்று ஆளைக் கொண்டுபோகும். மற்றது படத்தைக் கொண்டுபோகும். வந்தது இரண்டாவது வகை என்பதால் நாங்கள் நன்றியோடு இருக்கக் கடமைப்பட்டவர்கள்.

வந்தவர்களுக்கு மச்சாள் பிளாஸ்டிக் கதிரை போடுவாள். அவர்கள் மகளைப் பற்றிக் கேட்பார்கள். அவள் சொல்வாள். எந்த இடத்தில் குரல் உடையும் என்று எனக்குத் தெரியும். என் இங்கிலீசு வாக்கியத்தை அந்த இடத்தில் நிறுத்தி வைத்திருப்பேன். படம் எடுப்பவர்கள் எல்லோரும், பேசி வைத்தது போல, ஒன்றையே கேட்டார்கள். நான் அதைத் தமிழாக்குவேன்.

"மச்சாள், கொஞ்சம் யன்னல் பக்கம் கிறுகு. வெளிச்சம் முகத்தில படோணுமாம்."

அவள் முகத்தை இடப்பக்கம் திருப்புவாள். போகப்போக யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முதல் இரண்டொரு தடவை அயல் பெண்கள் சத்தம் கேட்டு ஓடித்தான் வந்தார்கள். வாசலில் கமராவைக் கண்டு, அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டு திரும்பினார்கள். அடுத்த வீட்டுப் பெண் மட்டும் உள்ளே வந்து மச்சாளைக் கட்டிப்பிடித்தாள். படம் எடுத்தவர் கையைக் காட்டி அவளை விலகச் சொன்னார். அவளுடைய முதுகு மறைத்ததாம். அவளும் சுனாமியில் தாயையும் தங்கையையும் கொடுத்தவள். அவள் முகத்தை யாரும் எந்தச் சுவரிலும் ஒட்டவில்லை. விலகிப் போனவள் பிறகு வரவில்லை. அந்தக் குடியிருப்பில் மச்சாளின் ஒப்பாரி எழும்போது உலைகள் அடுப்பிலேயே கொதித்தன. பெண்கள் கதவால் எட்டி வாகனத்தைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள்.

"என்னகா, இண்டைக்குச் சூட்டிங்கா?" என்பாள் அடுத்த வீட்டுக்காரி, தண்ணீர்க் குழாயடியில்.

"ஓங்கா. நீயும் வந்து ஒரு பக்கம் நில்லன்."

"எனக்கு ஆரு படம் எடுக்கப் போறாங்க? என்ட முகத்தில வெளிச்சம் பட்டா வெளிச்சத்துக்குத்தான் நட்டம்."

இருவரும் சிரிப்பார்கள். சினிமாக்காரி என்ற பட்டம் மச்சாளுக்கு அப்படித்தான் வந்தது. யாரும் அதைப் பகையோடு சொல்லவில்லை. பகை என்றால் ஒருநாள் ஆறியிருக்கும்.

ஒருமுறை வாகனம் போன பிறகு, மரியாதையில்லாத ஒரு கேள்வியைக் கேட்டேன்.

"எப்பிடி மச்சாள் ஒவ்வொரு முறையும் வருது?"

அவள் கதிரைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மகளுக்கெண்டு தொடங்குவன் மச்சான். அவளுக்கு அழுது முடிஞ்சி. மறுகா தம்பிய நினைப்பன். அது முடியாது."

தம்பி என்றது மகனை. அவன் வன்னியில் நிற்பதாகக் கேள்வி. கிழக்கு அப்போது முழுக்க ஆமியின் கையில். அவனைப் பற்றி விசாரிக்கக்கூடாது, பேசக்கூடாது, அழவும் கூடாது. உள்ளூரில் மகனுக்காக வாய்விட முடியாதவள், வெளிநாட்டார் முன்னால் மகளின் பெயரில் அவனுக்காக அழுதாள். நான் அதை மகளென்றே மொழிபெயர்த்தேன். சரியான மொழிபெயர்ப்பு என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

பிறகு வாகனங்கள் குறைந்தன. உலகத்தில் வேறு இடங்களில் வேறு தாய்மார் அழத் தொடங்கியிருந்தார்கள். வடக்கில் யுத்தம் ஒரு துண்டு நிலத்துக்குள் ஒடுங்கிக்கொண்டு வந்தது. மச்சாள் ரேடியோவை மெதுவாக வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே இருப்பாள்.

யுத்தம் முடிந்தது என்று அறிவித்த கிழமை, என் வீட்டுத் தொலைபேசிக்கு ஓர் அழைப்பு வந்தது. வவுனியா முகாமிலிருந்து ஒரு பெண். யாரிடமோ இரவல் வாங்கிய போனில் அவசரமாகப் பேசினாள். கடைசி நாட்களில் பக்கத்துப் பதுங்குகுழியில் இருந்த பொடியன், செல் விழுந்து போய்விட்டான். அங்கேயே மண் போட்டு மூடிவிட்டு வந்தோம் என்றாள். இந்த நம்பரைச் சின்ன வயதிலிருந்தே பாடமாக்கி வைத்திருந்தானாம்.

"பேர வடிவாச் சொல்லல்ல ஐயா. சுனாமிப் படத்தில அழுற அம்மாட மகன் எண்டுதான் எங்களுக்குச் சொன்னவன்."

காலையில் போனேன். பாலம் தாண்டும்போது சந்தியில் வெற்றிப் பட்டாசு வெடித்தது. முச்சக்கரவண்டிகளில் கொடி பறந்தது. மச்சாள் குந்திக்கொண்டு இறால் உடைத்துக்கொண்டிருந்தாள். என் மோட்டார்சைக்கிளைக் கண்டதும் எழுந்தாள்.

"வாகனம் பின்னால வருதா மச்சான்? முன்னமே சொல்லியிருக்கலாமே, சீலை மாத்தியிருப்பன்."

"வாகனம் இல்ல மச்சாள். நான் தனியத்தான் வந்த."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். மொழிபெயர்க்கத் தேவையில்லாத ஒன்றைச் சொல்ல வந்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

"தம்பியா?"

"ஓம்."

கையில் இறால் கோதோடு அப்படியே தரையில் விழுந்தாள். ஒப்பாரி எழுந்தது. இத்தனை வருடம் நான் கேட்டதெல்லாம் எதன் ஓரம் என்று அப்போதுதான் விளங்கியது. நான் வாசலைப் பார்த்தபடி நின்றேன். ஓடி வரும் காலடிச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அடுத்த வளவில் குழாய்த் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. யாரோ சட்டி சுரண்டினார்கள். அந்தப் படத்தில் கைதட்டலாவது இருந்தது.

வெளியே போனேன். அடுத்த வீட்டுக்காரி குழாயடியில் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள்.

"இண்டைக்கு எந்த நாடு சேர்? வாகனத்தக் காணல்ல."

"ஒரு நாடும் இல்ல புள்ள. மகன். வன்னியில."

அரிசிப் பானை அவள் கையிலிருந்து நழுவியது.

"சேர் வந்தத நாங்க கண்ட. சேர் வந்தா அவங்களும் வருவாங்க எண்டு..." என்றாள். சந்திப் பக்கம் பட்டாசு இன்னும் வெடித்துக்கொண்டிருந்தது. அந்தத் திசையை ஒருமுறை பார்த்தாள். ஈரக் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு மற்ற வீடுகளுக்கு ஓடினாள்.

நான் உள்ளே திரும்பியபோது ஒப்பாரி நின்றிருந்தது. மச்சாள் தரையில் இருந்தாள்.

"பாத்தீங்களா மச்சான்?"

"என்ன மச்சாள்?"

"நான் கிறுகி இருக்கன்."

இடப்பக்கம் யன்னல். வெளிச்சம் முகத்தில் முழுதாகப் பட்டிருந்தது.

"ஒருத்தரும் சொல்லல்ல. நானாத்தான் கிறுகின."

அதைச் சொல்லிவிட்டு விரலில் ஒட்டியிருந்த இறால் கோதை ஒவ்வொன்றாக எடுத்தாள். முகத்தை யன்னலிலிருந்து திருப்பி இருட்டுப் பக்கம் வைத்துப் பார்த்தாள். அழ முயன்றது எனக்குத் தெரிந்தது. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

பெண்கள் வந்துவிட்டார்கள். கொண்டை அவிழ்ந்து, மூச்சு வாங்கி, வாசலில் நின்றார்கள். முன்னால் நின்ற அடுத்த வீட்டுக்காரி இரண்டு கையையும் விரித்தாள். மச்சாள் எழுந்தாள். கைகளுக்குள் போகவில்லை. மூலைக்குப் போய், அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் கதிரைகளைப் பிரித்தாள். ஒவ்வொன்றையும் சீலைத் தலைப்பால் துடைத்து, வழக்கமான இடத்தில் போட்டாள்.

"இரிங்க. தேத்தண்ணி போடுறன்."

குசினிக்குப் போய்விட்டாள். விரித்த கைகளை அடுத்த வீட்டுக்காரி எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு ஒரு கதிரையில் இருந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக இருந்தார்கள். அந்தக் கதிரைகளில் இருந்துகொண்டு அழ முடியாது. நான் பலமுறை இருந்து பார்த்திருக்கிறேன்.