கல்கிசைக் கடலும் இரும்பை ஒதுக்கிய மெஷினும்

1. படம் பார்த்து வாங்கியது

முதல் நாளே அந்த மெஷின் என்னைக் கல்கிசைக் கடற்கரையில் வைத்து மானங்கெடுத்தது. காய்ந்த மணலில் நல்ல பிள்ளையாக இருந்தது. ஈர மணலுக்குப் போனதும் கத்தத் தொடங்கியது. அடியில் இருக்கும் வட்டக் கொயிலை உயர்த்தினாலும் கத்தியது, இறக்கினாலும் கத்தியது. வடை விற்கிறவர் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"கடல்ல விழுந்த நகை தேட எந்த டிடெக்டர் வாங்கலாம் அங்கிள்?" என்று இப்போதும் தம்பிமார் போன் எடுக்கிறார்கள். யாரோ ஒரு வெள்ளைக்காரன் தண்ணீருக்குள்ளிருந்து மோதிரம் எடுக்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு எடுக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஏன் என்று வாசித்தால் விளங்கும்.

என் பெயர் சேவியர். கொட்டாஞ்சேனையில் செக்கியூரிட்டி சாமான் விற்கும் கடையில் முப்பது வருஷத்துக்கு மேல் டெக்னீஷியனாக இருந்தேன். கோயில், சேர்ச், ஹோட்டல் வாசல்களில் ஆட்கள் நுழைந்து போகிற கேட், உடம்பில் தடவிப் பார்க்கிற கை டிடெக்டர், எல்லாம் கழற்றிப் பூட்டியிருக்கிறேன். கடைசி வருஷங்களில் எங்கள் முதலாளிக்கு ஓர் ஆசை வந்தது, தொலைந்த நகை தேடிக் கொடுக்கும் சேவிஸ் தொடங்க வேண்டும் என்று. அனுமதிக் கடிதத்துக்கு அலைந்தது நான். இந்த நாட்டில் டிடெக்டரோடு நிற்கிறவனைக் கண்டால் புதையல் தோண்ட வந்தவன் என்றுதான் நினைப்பார்கள். கடிதம் இல்லாமல் மணலில் கால் வைக்காதீர்கள்.

மெஷினைத் தெரிவு செய்தது முதலாளி, கெட்டலொக்கில் படம் பார்த்து.

"சேவியர், இதைப் பாரும். கலர் ஸ்கிரீன். தங்கத்துக்கு வேற சத்தம், இரும்புக்கு வேற சத்தம். வோட்டர்ப்ரூஃப் எண்டும் போட்டிருக்கு."

"முதலாளி, வோட்டர்ப்ரூஃப் கீழ இருக்கிற கொயில் மட்டும்தான். மேல இருக்கிற பொக்ஸில தண்ணி பட்டா முடிஞ்சுது. அதோட இது ஒரேயொரு ப்ரீக்வென்சியில ஓடுற மெஷின். உப்புத் தண்ணியும் கரண்ட் கடத்தும். ஈர மணலையே மெட்டல் எண்டு நினைச்சுக் கத்தும்."

"உமக்கு எப்பவும் குறைதான். விக்கிறவன் பொய்யா போடுவான்?"

விற்கிறவன் பொய் போடாமல் வாங்குகிறவனா போடுவான்? வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். சம்பளக்காரனுக்கு அது பழகிய வேலை. அன்றைக்கு மேசையில் தட்டிச் சண்டை பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. அதனால் வந்த வினையை அனுபவித்தது நானுமில்லை, முதலாளியுமில்லை.

2. ஒருவருக்கும் பிரச்சினை இல்லையாம்

ஒரு சனிக்கிழமை பகல் ரமணன் என்ற ஒருவர் கடைக்கு வந்தார். வெள்ளவத்தையில் ஃப்ளட் வீடு, பாங்கில் வேலை. அன்று காலை அவர், மனைவி சுகந்தி, இரண்டு பிள்ளைகள், பிள்ளைகளைப் பார்க்க வீட்டோடு நிற்கும் புஷ்பா என்று எல்லோரும் கல்கிசையில் கடல் குளிக்கப் போயிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் சுகந்தியின் தாலிக்கொடி இல்லை என்று தெரிந்திருக்கிறது.

"எந்த இடத்தில விழுந்தது எண்டு தெரியுமா சார்?"

"அவ கழட்டிப் பையுக்குள்ள வைச்சனான் எண்டுறா. பை புஷ்பாட கையிலதான் இருந்தது. கல்கிசைப் பொலிசில முறைப்பாட்டு என்ட்ரி போட்டாச்சு. அவளைக் கூட்டிக்கொண்டு போய் இருத்தி வைச்சிருக்கிறாங்கள்."

"பையில வச்சது எண்டா கடல்ல ஏன் தேடோணும்?"

அவர் ஒருமுறை முதலாளியின் அறைப் பக்கம் பார்த்தார். பிறகு குரலை இறக்கினார்.

"தண்ணிக்குள்ள நிக்கேக்க அவட கழுத்தில கிடந்தது அண்ணை. நான் கண்டனான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப அதைப் பொலிசில சொல்லுங்கோவன்!"

"சொன்னா வீட்டில பெரிய பிரச்சினை. கொடியோட கடல்ல இறங்காத எண்டு எங்கட அம்மா அவளுக்கு எத்தினை தரம் சொன்னவ. சுகந்தி பயத்தில பையுக்குள்ள வைச்சன் எண்டு சொல்லிப்போட்டா. இப்ப மாத்த ஏலாது. நீங்க எடுத்துத் தந்திட்டா ஒருத்தருக்கும் பிரச்சினை இல்லைத்தானே?"

ஒருத்தருக்கும் பிரச்சினை இல்லையாம்! ஹட்டன் பக்கத் தோட்டத்திலிருந்து வந்து இவர்களுடைய பிள்ளைகளுக்குச் சோறு தீத்துகிற பெண் பொலிஸில் இருக்கிறாள். ஞாயிறு பகலுக்குள் நகை வராவிட்டால் மஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோகப் போகிறார்கள். கள்ளி என்று ஒருமுறை பெயர் விழுந்தால் கொழும்பில் எந்த வீட்டில் அவளை எடுப்பார்கள்? அவள் இவர்களுடைய கணக்கில் 'ஒருத்தர்' இல்லைப் போலிருக்கிறது. படித்த மனுஷன், பாங்க் உத்தியோகம், வாயில் மட்டும் கொழுக்கட்டை.

மெஷினைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டேன். கடற்கரையில் இறங்குவதற்கு முன் பக்கத்துப் பொலிஸ் ஸ்டேஷனில் அனுமதிக் கடிதத்தைக் காட்டிவிட்டுப் போவது என் வழக்கம். அன்றும் காட்டினேன். உள்ளே சுவரோரமாகப் போட்டிருந்த நீண்ட மர வாங்கில் ஒரு பெண் இருந்தாள். அவள்தான் புஷ்பா என்று விளங்கியது. நேரம் போகிறதே என்ற அவசரத்தில் நான் கதைக்கவில்லை.

மூன்றரை மணிபோல் தண்ணீரில் இறங்கினேன். அவர்கள் குளித்த இடத்தை ரமணன் காட்டினார். இரண்டு பக்கமும் தடி நட்டு, கயிறு கட்டி, கயிற்றோடு கயிறாக நடந்தேன். மெஷின் வழக்கம்போலக் கத்தியது. கத்தலைக் குறைக்க சென்சிட்டிவிட்டியை இறக்கினேன். அதன் பிறகும் ஆணி, கம்பித் துண்டு, சோடாப் போத்தல் மூடி என்று பத்து அடிக்கு ஒருதரம் கூப்பிட்டது. பொழுதுபட இரண்டரை மணித்தியாலம்தான் இருந்தது. ஆகவே டிஸ்கிரிமினேஷனைப் போட்டேன். இரும்பின் சத்தத்தை மெஷினே விழுங்கிவிடும் வசதி அது. மெஷினோடு வந்த புத்தகத்தில் பெரிய எழுத்தில் இருந்தது, இரும்பை ஒதுக்குங்கள், நேரம் மிஞ்சும், தங்கம் தப்பாது என்று.

நேரம் மிஞ்சியதுதான். அகப்பட்டது சில்லறைக் காசும் பிள்ளைகளின் விளையாட்டுக் கார் ஒன்றும். ஆறு மணிக்கு ஓர் அலை நெஞ்சில் அடித்தது. வோட்டர்ப்ரூஃப் என்று போட்டிருந்த சாமானின் ஸ்கிரீன் அணைந்தது.

3. வாங்கில் இருந்தவள்

ரமணனோடு திரும்பி ஸ்டேஷனுக்குப் போய், தேடி முடித்தாயிற்று, ஒன்றும் அகப்படவில்லை என்று சார்ஜன்ட்டிடம் சிங்களத்தில் சொன்னேன். அதைக் கேட்டு வாங்கில் இருந்த புஷ்பா எழும்பினாள்.

"சார், நீங்க தமிழ்தானே? நா சொல்றத இவங்க எழுதவே இல்லீங்க. சுகந்தி அம்மா கழுத்துலதான் கொடி இருந்துச்சு. பாப்பா கவுன்ல பட்டன் அந்துபோச்சுன்னு, தண்ணியில எறங்குறதுக்கு முன்னாடி கொடியிலேருந்து ஒரு சேஃப்டி பின்ன எடுத்து அம்மாவேதான் குத்திவிட்டாங்க. இன்னும் ரெண்டு பின்னு கொடியிலயே மாட்டியிருந்துச்சு. வீட்டுல போய்ப் பாருங்க, அந்தப் பின்னு கவுன்லதான் இருக்கும்."

அதை நான் சிங்களத்தில் சொல்ல, நகை வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று சார்ஜன்ட் தட்டிவிட்டார். ரமணன் நிலத்தைப் பார்த்தார். எனக்குக் காது அடைத்தது. ரமணனை நினைத்து இல்லை. சேஃப்டி பின் என்ற சொல்லைக் கேட்டு.

எங்கள் பெண்கள் தாலிக்கொடியில் பின் கொழுவிக்கொள்வது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சேலைக்கு ஒன்று, அவசரத்துக்கு ஒன்று. என் மனைவி ரீட்டாவின் கொடியிலும் இரண்டு கிடக்கிறது. பின் என்ன தங்கமா? இரும்பு. கொடியோ சின்னச் சின்ன வளையங்கள் கோத்தது. மோதிரம் மாதிரி முழு வட்டமாக இருந்தால் பலமாகச் சிக்னல் தரும், கோத்த சங்கிலி மெல்லியதாகத்தான் தரும். பக்கத்திலேயே இரும்பு இருந்தால் மெஷின் இரும்பை மட்டும்தான் காணும். அந்த இரும்பைத்தான் நான் வாயடைத்து வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து ஹெயார் ட்ரையர் பிடித்து மெஷினுக்கு உயிர் கொடுத்தேன். ரீட்டாவின் கொடியை வாங்கி மர மேசையில் வைத்துப் பிடித்தேன்.

"என்னப்பா இது, தேவமாதாவே! தாலியில ஆராய்ச்சியா?" என்றாள்.

பின்னோடு வைத்துப் பார்த்தேன், மெஷின் மூச்சு விடவில்லை. பின்னைக் கழற்றிவிட்டு வைத்தேன், பாடியது. திரும்பக் கொழுவினேன், மூச்சு இல்லை. அந்தப் புத்தகத்தை எழுதினவனுடைய மனைவி கழுத்துச் சங்கிலியில் சேஃப்டி பின் கொழுவுவதில்லை. அவன் ஊருக்கு அவன் எழுதியது சரி. முப்பது வருஷம் வேலை செய்த எனக்கு என் வீட்டுக் கழுத்தில் கிடந்தது ஏன் ஞாபகம் வரவில்லை? அன்று நான் அந்தக் கொடிக்கு மேலாகவே நடந்திருப்பேன்.

4. நிஸாம் நானாவின் மெஷின்

மாளிகாவத்தை நிஸாம் நானா துறைமுகப் பக்கம் தண்ணீருக்கடியில் சுழியோடுகிற வேலை செய்கிறவர், என் பழைய கூட்டாளி. போனில் விஷயத்தைச் சொன்னேன்.

"அந்த ஸ்கிரீன் மெஷினக் கொண்டு போய் ஒங்கட மொதலாளிட தலையில போடு மச்சான். கடலுக்கு என்ட மெஷின்தான் சரி. ஆனா ஒன்னு, இது ஆணியா பொன்னான்னு சொல்லாது. சத்தம் வந்தா தோண்டித்தான் ஆகோணும், ஒன்னையும் உடாம."

அது பல்ஸ் மெஷின். ஸ்கிரீன் கிடையாது, எல்லா உலோகத்துக்கும் ஒரே சத்தம். உப்புத் தண்ணீரை அது சட்டை செய்வதில்லை. பொக்ஸும் தண்ணீருக்குள் போகலாம். பார்த்தால் பழைய தகரச் சாமான் மாதிரி இருக்கும். முதலாளி கண்ணெடுத்தும் பார்க்கமாட்டார்.

ஞாயிறு விடிய அதை வாங்கிக்கொண்டு வந்து இறங்கினேன். தென்மேற்குக் கச்சான் காற்று எழும்பத் தொடங்கியிருந்தது. அது பிடித்துவிட்டால் ஒரே நாளில் மணல் முழங்கால் உயரத்துக்கு இடம் மாறும், பிறகு யார் தேடினாலும் சரிவராது. சத்தம் வந்த இடமெல்லாம் நீண்ட பிடி போட்ட கம்பிக் கூடையால் அள்ளினேன். ஆணி, மூடி, கம்பி, தூண்டில், மறுபடி ஆணி. இடுப்பு விட்டுப்போனது. கரையில் ரமணன் சப்பாத்து நனையாமல் நின்றார்.

எட்டு மணிக்குப் பிறகு, நேற்று நான் இரண்டு தரம் நடந்து போன அதே கயிற்றுப் பாதையில், கூடைக்குள் மணல் கரைந்து போக மஞ்சளாக ஒன்று மிஞ்சியது. கொடி. அதில் இரண்டு பின், துருவேறத் தொடங்கியிருந்தன. சந்தோஷப்படவில்லை. வாயில் வந்த கெட்ட வார்த்தையை முழுதாகச் சொல்லி முடித்தேன்.

ரமணன் ஓடி வந்தார். "என்னட்டத் தாங்கோ அண்ணை. பையிட அடியில கிடந்தது எண்டு சொல்லி நான் வீட்டில சமாளிக்கிறன்."

"பையிட அடியிலயா? இது நேரா ஸ்டேஷன் மேசைக்குத்தான் போகும். நீங்களும் என்னோட வாறீங்க. வராட்டி உங்கட பாங்குக்கு வந்து எல்லாருக்கும் முன்னால கேப்பன்."

5. என்ட்ரி

நனைந்த உடுப்போடு போய் சார்ஜன்ட்டுக்கு முன்னால் கொடியை வைத்தேன். எங்கே, எவ்வளவு ஆழத்தில் எடுத்தேன் என்று சொன்னேன். ரமணன் போன் எடுக்க, சுகந்தி த்ரீவீலரில் வந்து இறங்கினார். கொடியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். அழுது முடித்து, புஷ்பாவைப் பார்த்து, "சரி, வா வீட்டை போவம். பிள்ளையள் காலமயிலிருந்து உன்னைத் தேடுதுகள்" என்றார்.

அவ்வளவுதான். ஒரு இரவு முழுக்கப் பொலிஸில் இருத்தி வைத்த பெண்ணிடம் சொல்ல அவருக்கு இருந்தது அவ்வளவுதான். சார்ஜன்ட்டும் "ஹரி, ஹரி, யண்ட" என்று போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

புஷ்பா அசையவில்லை. "சார், நா சொல்றத அவருக்குச் சிங்களத்துல சொல்லுங்க" என்றாள் என்னிடம். "என்னையத் திருடின்னு அந்தப் புக்குலதானே எழுதுனாங்க? நா எடுக்கலன்னு அதே புக்குல எழுதச் சொல்லுங்க. அம்மா கையெழுத்து வைக்கணும். எழுதினதுல எனக்கு ஒரு கொப்பி வேணும். அது இல்லாம நா இந்த எடத்த விட்டுப் போகமாட்டேன்."

சொன்னேன். அவள் சொன்னதைவிட நான் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். சார்ஜன்ட் முகத்தைச் சுளித்துக்கொண்டு புத்தகத்தைத் திறந்தார். சுகந்தி, "கிடைச்சிட்டுதுதானே, இனி என்னத்துக்கு இதெல்லாம்?" என்று கணவரைப் பார்த்தார். நான் ரமணனுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"தண்ணிக்குள்ள கழுத்தில கண்டதை நீங்களும் சொல்லி எழுதுவியுங்க சார்."

அவர் கடைசியில் சொன்னார். மனைவியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். சுகந்தி கையெழுத்து வைத்தார், ரமணனும் வைத்தார்.

புஷ்பா கொப்பியை நான்காக மடித்து எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வர மறுத்து, தன் உடுப்புப் பையை ஸ்டேஷனுக்கே கொண்டுவரச் செய்தாள். கோட்டை பஸ் ஸ்டாண்டில் விடுகிறேன் என்று நான் கூப்பிட்டேன். வெளியே வந்ததும் நன்றி சொல்வாள் என்று, மனுஷன்தானே, எதிர்பார்த்தேன்.

"நேத்து கடல்ல எறங்குறதுக்கு முன்னாடி மெஷினோட உள்ள வந்தீங்கல்ல சார்," என்றாள். "நா அங்கதான் இருந்தேன். அப்பவே என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா பின்னு விஷயம் சொல்லியிருப்பேனே. ராத்திரி நா அங்க கெடந்திருக்க வேணாமே."

அவளுடைய உடுப்புப் பையை வாங்கித் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

தம்பிமாரே, கடலுக்குப் பல்ஸ் மெஷின் வாங்குங்கள், அல்லது ஒரே நேரத்தில் பல ப்ரீக்வென்சியில் ஓடும் மெஷின் வாங்குங்கள். பொக்ஸும் தண்ணீருக்குள் போகுமா என்று கேட்டு வாங்குங்கள். எங்கள் கடலில் இரும்பை ஒதுக்காதீர்கள், கூப்பிட்டதையெல்லாம் தோண்டுங்கள். ஆனால் மெஷினை ஓன் பண்ணுவதற்கு முன், பையை வைத்திருந்தது யார் என்று கேட்டு, அந்த ஆளிடம் போய் நில்லுங்கள். நான் நிற்கவில்லை.