ரஷ்ய விமானத்தில் ஒரு போத்தல் சின்சாலோக்

மலாக்காவில் பிறந்து வளர்ந்தும், கசியுமே என்று பயந்து சின்சாலோக் போத்தலை இறுக மூடி விமானத்தில் ஏற்றிய மடையன் நான். புளிக்கவைத்த கூனி இறால் அது. மூடியைத் தளர்த்தாவிட்டால் பொங்கி வெடிக்கும். எங்கள் தெங்கேரா வட்டாரத்தில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

தொண்ணூறுகளில் மகள் ரஷ்யாவில் மருத்துவம் படித்தாள். இரண்டு வருடமாக வீட்டுக்கு வராதவளைப் பார்க்க நானும் மனைவியும் போனோம். சின்சாலோக் இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

சோவியத் உடைந்ததும் அங்கிருந்த ஒரே பெரிய விமான நிறுவனத்தை ஊருக்கு ஒன்றாகப் பங்கு போட்டிருந்தார்கள். மகள் படித்த ஊருக்குப் போக மாஸ்கோவில் எங்களுக்கு வாய்த்த பங்கில் பழைய பெயரின் மேல் புதுப் பெயிண்ட். என் இருக்கையில் பெல்ட் இல்லை. நடைவழியில் உருளைக்கிழங்கு மூட்டைகள். பறந்த கொஞ்ச நேரத்தில் அழுகல் நாற்றம் வேறு.

"சீ! நம்ம ஊரு ரெம்பியா பஸ்ஸே தேவல. கக்கூஸ கழுவுறதே இல்ல போல."

"ஏங்க, மூடிய லூசா விட்டீங்கதானே?" என்றாள் மனைவி.

நான் வாய் திறப்பதற்குள் மேல்தட்டில் மூடி தெறித்தது. இளஞ்சிவப்புச் சாறு முன்னிருக்கை ரஷ்யக் கிழவரின் கோட்டில் கொட்டியது. அவர் திட்டவில்லை. போத்தலை எடுத்து, அதன் வாயில் தன் கைக்குட்டையை அடைத்து, இறங்கும்வரை மடியில் நிமிர்த்திப் பிடித்திருந்தார். அந்த விமானத்தைப் பற்றி நான் சொன்னதெல்லாம் என் வாயிலேயே நாறியது.

விமான நிலையத்தில் பாதிப் போத்தலை நீட்டினேன். மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ அப்பா, இதெல்லாம் நான் விட்டுட்டேன்லா. இந்த நாத்தத்த யாரு சாப்பிடுவா?"