மீசைக்குள் ஒரு கோடு

என் மீசையில் இடது நாசிக்கு நேர் கீழே முடி வளராத ஒரு கோடு உண்டு. அகலம் ஓர் அரிசி அளவுதான். ஆறாம் வகுப்பில், பள்ளி திறந்த இரண்டாவது வியாழக்கிழமை, தென்காசியில் ஒரு கடை வாசலில் கோலி சோடா பாட்டில் வெடித்துச் சில்லு பட்டது. நான்கு தையல் போட்டார்கள். பின்னால் மீசை முளைத்தபோது, தையல் போட்ட இடத்தை மட்டும் விட்டுவிட்டு முளைத்தது. கல்லூரி இரண்டாம் ஆண்டில் ஒருவன் அதைப் பார்த்து, "என்னடா, மீசைக்கு வகிடு எடுத்திருக்க?" என்று கேட்டான். மறுநாள் முதல் புருவ மை பென்சிலால் அந்தக் கோட்டை நிரப்பத் தொடங்கினேன். முப்பத்தொரு ஆண்டுகள் நிரப்பினேன். என் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது.

சாந்த்ராகாச்சி ரயில் யார்டுக்கு வேலைக்கு வந்த பிறகு அது எளிதாக இல்லை. கொல்கத்தாவின் வைகாசிப் புழுக்கத்தில் மேலுதடு வியர்த்துக்கொண்டே இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் வாயைத் துடைத்தால் பாதி மை கைக்குட்டைக்குப் போய்விடும். அப்படி அழிந்த நாட்களை நாட்குறிப்பின் ஓரத்தில் 'பெ' என்று ஓர் எழுத்தால் குறித்துவந்தேன். மழை மாதங்களில் ஓரம் முழுக்க 'பெ'யாக இருக்கும்.

ஐம்பது வயதை நெருங்கியதும் வேறு சிக்கல் வந்தது. மீசை நரைத்தது, பென்சில் நரைக்கவில்லை. "தூரத்துல இருந்து பாத்தா மீசையில எறும்பு நிக்குத மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. வடுக்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து, பதினான்கு கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு, காளிகாட்டில் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன்.

மருத்துவர் என்னைவிட இளைய வங்காளிப் பெண். ஈரப் பஞ்சால் என் உதட்டின் மேல் ஒரு முறை துடைத்தார். பஞ்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. சட்டைக் கையை மடிக்கச் சொல்லி, புஜத்தில் சிறு வயதில் போட்ட அம்மை ஊசியின் தழும்பை விரலால் தடவினார். அது தடித்து எழும்பியிருந்தால் என் தோல் எந்தக் காயத்தையும் மேடாக்கிவிடும் வகை என்று பொருளாம். அப்படியானால் கத்தியையோ ஊசியையோ யோசித்துத்தான் தொட வேண்டும். என்னுடையது தட்டையாக இருந்தது. இது என் பட்டியலில் இல்லாத கேள்வி. உடனே குறித்துக்கொண்டேன்.

"தாதா, முடிக்குள் இருக்கும் வடுவை என்னால் அளக்க முடியாது. வரும் சனிக்கிழமை மீசையை எடுத்துவிட்டு வாருங்கள்" என்றார். இங்கே தாதா என்றால் அண்ணன்.

வீட்டில் சொன்னபோது மனைவி தோசைக் கரண்டியோடு திரும்பினாள். "மாமா நல்லா இருக்காக. தகப்பன் இருக்கும்போது மீசைய எடுக்கக் கூடாதுன்னு தெரியாதா?"

"கொல்கத்தாவுல எடுத்தா தென்காசிக்கு எப்படித் தெரியும்?"

"ஞாயித்துக்கெழம வீடியோவுல பேசுவாகளே, அப்பம் எதைக் காட்டுவீய, ஃபேனையா?"

சனிக்கிழமை காலையில் எடுத்தேன். ஐந்து நிமிடம் ஆனது. கண்ணாடியில் முதலில் தெரிந்தது என் பிழை. அது நேர்கோடு என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன். இல்லை, பிறை போல வளைந்து நாசியின் விளிம்பு வரை ஏறியிருந்தது. வளைந்த ஒன்றின் மேல் முப்பத்தொரு ஆண்டுகள் நேராக மை தீட்டியிருக்கிறேன். குடியிருப்பின் வாசலில் காவலாளி, "தாதா, கோஃப் கோதாய் கேலோ?" என்றார். மீசை எங்கே போயிற்று என்கிறார். வடுவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

காளிகாட் மெட்ரோ நிலையத்தில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் எதிரே வந்தார். அலிப்பூரில் ஓர் அலுவலகத்தில் வேலை, வருடத்துக்கு இரண்டு முறை பார்ப்போம். என்னைக் கண்டதும் நின்று இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எப்பம் அண்ணாச்சி?"

"இன்னைக்குக் காலையிலதான்."

"ரொம்பக் கஷ்டமா?"

"சேச்சே, அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருச்சு."

"குடுத்து வச்சவுக. ஊருக்குக் கெளம்பலையா?"

"இதுக்குப் போயி ஊருக்குப் போவாகளா?" என்று சிரித்தேன். அவர் கையை விட்டுவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அதற்குள் அவருடைய வண்டி வந்துவிட்டது.

மருத்துவர் விளக்கின் கீழ் வைத்து, சிறு அளவுகோலால் அளந்து, ஒவ்வொன்றாகச் சொன்னார். சிலிகான் களிம்பு புதிய வடுவுக்கு. இவ்வளவு பழையதில் பலன் எதிர்பார்க்க வேண்டாம். லேசர் மேற்பரப்பைச் சமன் செய்யும், ஆனால் முடி தராது, நம் நிறத் தோலில் கருமை தங்கிவிடவும் கூடும். வடுவை வெட்டியெடுத்து மறுபடி தைத்தால் கோடு மெலியும், மறையாது. புதிய தழும்பு அடங்க ஒரு வருடம்கூட ஆகலாம். பச்சை குத்துவதுபோல நிறப்புள்ளிகள் வைக்கலாம். ஐந்தாவதாக, தாடையின் அடியிலிருந்து முடியை வேரோடு எடுத்து வடுவில் நடலாம். வடுவில் இரத்த ஓட்டம் குறைவு என்பதால் எல்லாம் பிழைக்காது. முதலில் எட்டு மட்டும் நட்டுப் பார்க்கலாம். "எதைச் செய்தாலும் வடு இல்லாத உதடு கிடைக்காது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்" என்றார். யோசித்துச் சொல்வதாகக் கூறி வந்தேன்.

அன்று மாலையே அப்பாவிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை வரைகூடப் பொறுக்கவில்லை.

"எலேய், நான் செத்துட்டேனால?"

அலிப்பூர்க்காரர் ஊரிலிருக்கும் தம் தம்பிக்குப் போன் செய்திருக்கிறார். தம்பி மாலையோடு வீட்டுக்கு வந்துவிட்டார். கதவைத் திறந்தது அப்பா.

"யாருக்குல மாலைன்னு கேட்டேன். பய முழிக்கான். வாங்கிட்டு வந்தத வீணாக்குவானேன்னு சாமி படத்துக்குப் போட்டாச்சு. ஒம் மூஞ்சியக் காட்டு."

போனை முகத்துக்கு நேராகப் பிடித்தேன். திட்டுக்குத் தயாராக இருந்தேன். அவர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"அது இன்னும் இருக்கா?" என்றார். மீசை வந்ததும் மறைந்துவிட்டது என்றே நினைத்திருக்கிறார். பென்சில் கதை முழுவதையும் சொன்னேன்.

"அந்தச் சோடாவ நான்தாம்ல வாங்கிக் குடுத்தேன்."

தனியாகத்தான் கடைக்குப் போனேன் என்று இதுவரை நாட்குறிப்பில் எழுதியும் மனைவியிடம் சொல்லியும் வந்திருக்கிறேன். அவர் பக்கத்தில் நின்றதாக என் நினைவில் இல்லை. "நீ வேண்டாம்ன. வெயிலா இருக்கு, குடில்னு நான்தான் கையில திணிச்சேன்" என்றார். பிறகு அவசரமாக, "அந்த டாக்டரம்மா என்ன செய்யலாம்ங்கா?" என்றார்.

ஒவ்வொன்றாகச் சொன்னேன். பச்சை குத்துவதை முதலிலேயே தள்ளினார். லேசர் பற்றி இரண்டு முறை கேட்டார். நடுவது மட்டும் அவருக்குப் பிடித்தது. "நாத்து நடுத மாதிரிதான. வேற வயல் நாத்து இந்த மண்ணுல பிடிக்குமா?" மருத்துவர் சொன்ன தயக்கமும் அதுவேதான்.

மறுவாரம் எட்டு முடிகள் நடப்பட்டன. மூன்றாம் வாரத்தில் எட்டும் உதிர்ந்தன. அப்படித்தான் உதிரும், வேர் உள்ளே இருந்தால் சில மாதங்களில் மறுபடி வரும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அதை அப்பாவுக்குப் புரியவைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. இதற்கிடையில் மீசை நரையோடு வளர்ந்தது. பென்சிலை நான் தொடவில்லை. யார்டில் ஒருவர் அந்த இடைவெளி என்ன என்று கேட்டார். சோடா பாட்டில் என்றேன். சரி என்று வேலையைப் பார்க்கப் போனார்.

நட்டு நான்கு மாதம் ஆக இரண்டு நாள் இருக்கையில், போன ஞாயிற்றுக்கிழமை, அப்பா வழக்கம்போலக் கேட்டார்.

"என்னல, மொளைச்சிருக்கா?"

"மூணுப்பா."

"எட்டுக்கு மூணா?"

"இன்னும் நாள் இருக்குங்காங்க."

"வெளிச்சத்துக்கு வா."

ஜன்னலருகே போய் உதட்டை இழுத்துப் பிடித்துக் காட்டினேன். அங்கே அவர் பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டு எண்ணச் சொன்னார்.

"ரெண்டுதாம்ல தெரியுது" என்றார். "இன்னும் கொஞ்சம் சாஞ்சு நில்லு."