பக்கத்து மனையின் வெயில்

எங்கள் தியாகராய நகர் வீட்டுக்குக் கிழக்கே ஒரு பழைய ஓட்டு வீடும், அதைவிடப் பழைய மாமரமும் இருந்தன. அவற்றைத் தாண்டி எங்கள் தோட்டத்துக்கு வெயில் வந்ததே இல்லை. தோட்டம் என்று பெயர், பாசியைத் தவிர எதுவும் வளராது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தை மாதம் அந்த வீட்டை இடித்தார்கள், மரத்தையும் வெட்டினார்கள். மறுநாள் காலை வெயில் சமையலறை வரை வந்து விழுந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாரமே குண்டுமல்லிப் பதியன் ஒன்றை வாங்கி வந்து தரையில் நட்டேன். தொட்டியில் வைத்திருந்தால் பின்னால் மொட்டை மாடிக்காவது தூக்கிப் போயிருக்கலாம். வெயில் நிரந்தரமாக வந்துவிட்டது என்றல்லவா நினைத்தேன்! தெருவில் வரும் பூக்காரியிடம், "சித்திரையிலேர்ந்து எங்க வீட்லயே பூக்கும், எனக்கு வேண்டாம்" என்று வீறாப்பாகச் சொல்லியும் விட்டேன்.

செடி வேர் பிடித்த பிறகுதான் என் கணவர் விஷயத்தைக் கொண்டு வந்தார். அந்த மனையில் மூன்று மாடி வரப்போகிறதாம். மல்லிக்கு வெயில் வேண்டும், நிழலில் இலைதான் விடும். மேற்கை எங்கள் வீடே மறைத்துக்கொண்டிருந்ததால் காலை வெயிலை விட்டால் வேறு கதியில்லை. அதன்பின் எழுந்ததும் முதலில் சுவரைப் பார்ப்பேன், அப்புறம் செடியைப் பார்ப்பேன். சுவர்தான் வளர்ந்திருக்கும்.

போதாக்குறைக்கு, கட்டட மேஸ்திரி வந்து எங்கள் கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். இவர் தாராளமாகத் தலையாட்டிவிட்டார்.

"தண்ணிதானே கேக்கறாங்க. நமக்கு என்ன குறையப்போவுது?"

"வெயில் குறையும்" என்றேன்.

சிரித்துக்கொண்டே ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக் குழைத்து, என் செடியையே மறைக்கப் போகிறார்கள்!

தண்ணீர் எடுக்க வந்த சித்தாளுக்கு என் வயதுதான் இருக்கும். செடியைத் தாண்டித்தான் குடத்தோடு போக வேண்டும்.

"இன்னாம்மா, இன்னும் மொக்கு வெக்கலியா?"

"நீங்க இப்படி விடாம கட்டினா எப்படி வைக்கும்?"

"நான் இன்னாம்மா பண்றது? மேஸ்திரி சொல்றாரு. பூத்தா எனக்குக் கொஞ்சம் குடு."

அவளைக் கோபித்து என்ன பயன்? ஆனாலும் கோபித்துக்கொண்டேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. போகும்போது குடத்திலிருந்து ஒரு கை நீரைச் செடிக்கு விட்டுவிட்டுப் போனாள்.

சித்திரையில் முதல் மாடிக்குச் சாரம் கட்டினார்கள். செடிக்கு உச்சி வெயில் மட்டும் சற்று நேரம் கிடைத்தது. இனி இல்லை என்று நான் மனசைத் தேற்றிக்கொண்டபோது, இலைகளுக்கு நடுவே ஜவ்வரிசி அளவில் மொக்குகள் தெரிந்தன. அந்தச் செடி பூத்தது அந்த ஒரு முறைதான்.

ஒரு சாயங்காலம் பறித்துக் கட்டினேன். ஒரு முழம்கூடத் தேறவில்லை. பாதியைச் சாமி படத்துக்கு வைத்தேன். மீதியை எனக்கென்று வாழையிலையில் சுற்றி வைத்தேன்.

மறுநாள் காலை கிணற்றடிக்கு வந்தவள் வெறும் செடியைப் பார்த்தாள். "பறிச்சிட்டியாம்மா" என்றாள். நான் உள்ளே போய் இலையை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தேன். அங்கேயே நின்று கொண்டையில் வைத்துக்கொண்டாள்.

பிறகு கலவைச் சட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு சாரத்தில் ஏறினாள். கீழே செடியும் நானும் சுவரின் நிழலில் நின்றிருந்தோம். மேலே அவள் கொண்டையில், என் மல்லியின் மேல், நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.