பொம்மிடியைத் தொடாத ஏவுகணை

பகுதிநேர நிருபர் என்றால் வேலை முழுநேரம், மரியாதைதான் பகுதிநேரம். எண்பதுகளில் ஒரு சேலத்து நாளிதழுக்கு அரூரிலிருந்து ஏழு வருஷம் செய்தி அனுப்பினேன். செய்தியை எழுதி, கவரில் போட்டு ஒட்டி, சேலம் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிட வேண்டும். அவர் ஞாபகமாக இறக்கிக் கொடுத்தால் மறுநாள் பேப்பரில் வரும். மறந்துவிட்டால் செய்தி சேலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு அரூருக்கே திரும்பி வரும். கூட வேலை செய்கிறவன் முன்னேறுவதைப் பார்த்து வயிறு எரிந்தவர்கள் மேலே படிக்கலாம். மற்ற புண்ணியவான்களுக்கு இது புரியாது.

ரயில் நிற்கிற ஊர்

அந்த வருஷங்களில் எல்லாப் பேப்பருக்கும் ஒரே கவலை, பாகிஸ்தானிடம் அணுகுண்டு இருக்கிறதா இல்லையா என்று. அவர்கள் இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தச் சந்தில் புகுந்துதான் எங்களைப் போன்றவர்கள் எழுதினோம். முதலில் புகுந்தவன் எங்கள் பேப்பரின் பொம்மிடி நிருபர் அந்தோணிசாமி. பொம்மிடியில் ரயில் நிற்கும், லீவில் வரும் பட்டாளத்துக்காரர்கள் இறங்குவார்கள். ஒருவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, 'எல்லையிலிருந்து திரும்பிய வீரர் தரும் திடுக்கிடும் தகவல்' என்று எழுதிவிட்டான். முதல் பக்கத்தில் கட்டம் கட்டி வந்தது. அந்த வீரர் எல்லைப் பக்கமே போகாத ஸ்டோர் கீப்பர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு என் செய்தி, அரூர் சந்தையில் புளி வரத்து குறைவு. ஆறாம் பக்கத்தில், சினிமா விளம்பரத்துக்குக் கீழே.

வெறும் பெருமை விஷயமென்றால் பொறுத்திருப்பேன். தர்மபுரிக்கு ஒரு முழுநேர நிருபர் போடப் போவதாகவும், எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் அது என்றும் ஆசிரியர் சொல்லியிருந்தார். கிடைக்காவிட்டால் மாமனாரின் உரக்கடையில் போய் உட்கார வேண்டும். அவரும் கல்யாணமான நாளிலிருந்து அதற்கு நாற்காலி போட்டு வைத்திருந்தார். இந்த யோசனையோடு முடிவெட்டப் போனால், கடைக்காரர் என் தலையைக் குனிய வைத்துக்கொண்டு சொன்னார்: "அந்த பொம்மிடிக்காரர உங்களுக்குப் பழக்கமுங்களா? பேப்பருன்னா அவரு எழுதறதுதானுங்க."

நூல் பிடித்துப் பார்த்தது

எனக்கு ரயில் இல்லை. ஆனால் மலை இருந்தது. சித்தேரி மலையில் ஓய்வு பெற்ற சுபேதார் கோவிந்தன் என்று ஒருவரை உண்டாக்கினேன். அவ்வளவு மேடு ஏறிப்போய் விசாரிக்க சேலத்து உதவி ஆசிரியர் எவருக்கும் முழங்கால் போதாது என்பது என் தைரியம். எதிரி நாட்டு ஏவுகணை எவ்வளவு தூரம் பாயும் என்பதுதான் சுபேதார் சொல்ல வேண்டிய ரகசியம். பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் இந்தியப் படம் வாங்கி வந்து, ஒரு நூலின் முனையை எல்லைக்கு அந்தப் பக்கம் அழுத்திப் பிடித்து, மறுமுனையைச் சுழற்றினேன். தர்மபுரி, இண்டூர் எல்லாம் உள்ளே வந்தன. அரூரை வெளியே வைத்தேன், என் வீடு இருக்கிறது. பொம்மிடியையும் வெளியே வைத்தேன். அந்தோணிசாமியின் ஊருக்கு அந்தப் பெருமை எதற்கு?

முதல் பக்கத்தில் வந்தது. இரண்டு நாள் காலர் தூக்கிவிட்டுத் திரிந்தேன். மூன்றாம் நாள் இண்டூர் விவசாயி ஒருவர் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். மகனுக்கு அரூர்ப் பக்கம் பெண் பேசி முடித்து, தட்டு மாற்ற வேண்டியதுதான் பாக்கியாம். இப்போது பெண் வீட்டில் யோசிக்கிறார்களாம். அது ஒரு உத்தேசக் கணக்குதான் என்று நான் சமாதானம் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "உத்தேசந்தானுங்களே, அந்தக் கோட்ட, எங்கூரு வெளிய வர்றாப்பல, ரெண்டு வெரக்கட தள்ளிப் போடுங்க. பொண்ணு வூட்டுக்காரங்க பேப்பர் படிக்கிறவங்க."

சுபேதார் வீட்டு டீ

அடுத்த வாரமே ஏவுகணை பொம்மிடிக்கு வந்துவிட்டது. ரயில் நிலையத்துக்கே குறி வைத்திருக்கிறார்கள் என்று அந்தோணிசாமி எழுதியிருந்தான். அது போகட்டும். யார் சொன்னதாக எழுதியிருந்தான் தெரியுமா? சித்தேரி சுபேதார் கோவிந்தன் சொன்னதாக. மலையேறிப் போய் நேரில் பேட்டி எடுத்தானாம்.

என் ஆளை அவன் எடுத்துக்கொண்டான், அதுவும் என்னைவிட நன்றாகப் பேச வைத்திருந்தான். மறுத்து எழுதலாமென்றால் என்ன எழுதுவது? அப்படி ஒருவர் இல்லவே இல்லை என்றா? தர்மபுரி கலெக்டர் ஆபீஸ் வாசலில் அவனைப் பிடித்து, சித்தேரிக்கு எப்போது போனீர்கள் என்று கேட்டேன். அவன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை: "போன செவ்வாக்கெழம போனனுங்கண்ணா. தங்கமான மனுசருங்க, கருப்பட்டி போட்டு டீ குடுத்தாரு, உங்களயும் விசாரிச்சாரு."

போட்டோ

ஆசிரியருக்குச் சுபேதாரைப் பிடித்துப்போய்விட்டது. போட்டோ வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் சொல்லி அனுப்பினார். நான் மலைப்பாதை சரியில்லை, மழை, காய்ச்சல் என்று வரிசையாகக் காரணம் எழுதி பஸ்ஸில் அனுப்பினேன். ஒருநாள் சேலத்துக்கே வரச் சொல்லிவிட்டார்கள்.

போனால், ஆசிரியர் மேஜை மேல் போட்டோ இருந்தது. காக்கிச் சட்டை, முறுக்கின மீசை, நெஞ்சில் ஒரு மெடல். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. அந்தோணிசாமியின் மாமனார். பட்டாளத்தில் சமையல்காரராக இருந்தவர். பொம்மிடி மாதா கோயில் திருவிழாவில் என் இலையில் சோறு வைத்தவரே அவர்தான். அந்தோணிசாமி பக்கத்து நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இவர்தானே உங்கள் சுபேதார் என்று ஆசிரியர் என்னைக் கேட்டார். இல்லை என்றால், உண்மையான ஆள் எங்கே என்று அடுத்த கேள்வி வரும். ஆமாங்க சார், இவர்தான் என்றேன். ஆசிரியர் போட்டோவை அந்தோணிசாமி பக்கம் நகர்த்திவிட்டு என்னிடம் சொன்னார்: "நீங்க பேரக் கொண்டாந்தீங்க. அவரு ஆளையே கொண்டாந்துட்டாரு. தர்மபுரிக்கு அவரே போகட்டுங்க."

பொய் எழுதினோமே என்று ஒருநாளும் நான் வருத்தப்பட்டதில்லை. நான் பெற்ற பொய்யை அவன் வளர்த்து ஆளாக்கிவிட்டானே என்றுதான் உரக்கடையில் உட்கார்ந்து இன்றைக்கும் பொருமிக்கொண்டிருக்கிறேன்.