என் பேரில் இருந்த கார்

மூன்று வருஷத்துக்கு முன்னால், தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காரமடைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்தில் ஆரம்பித்தது இது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக் கார் என் பேரில்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் ஜாதகத்துக்கு வாகனம் ஆகாது, சம்சாரம் பேரில் வாங்குங்கள் என்று ஜோசியர் சொன்னார்; வாங்கிவிட்டோம். எனக்கு சைக்கிள்கூடச் சரியாக ஓட்ட வராது. ஆனாலும் "கார் உங்க பேர்லயாங்க?" என்று யாராவது கேட்டால் உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்துபோகும்.

அன்றைக்குத் தாராபுரத்திலிருந்து நாத்தனார் குடும்பம் விருந்துக்கு வந்திருந்தது. இலை போடும்போதுதான் பார்க்கிறேன், வீட்டில் அப்பளம் இல்லை. மகள் அப்போது பிளஸ் டூ. பதினெட்டு முடிய இன்னும் நாலு மாதம் இருந்தது. எங்கள் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகள் டிராக்டரிலேயே ஓட்டப் பழகிவிடும். அவளும் ஒரு வருஷமாக இட்டேரியில், அதாவது இருபுறமும் வேலி வைத்த தோட்டத்துப் பாதையில், காரை ஓட்டிக்கொண்டிருந்தாள். நம்ம இட்டேரிக்குள் எந்தப் போலீஸ் வரப்போகிறது என்பது எங்கள் எல்லாருடைய நினைப்பு. "முக்குல இருக்கற கடைதான, வெடுக்குனு போயிட்டு வந்துரு கண்ணு" என்று சாவியை எடுத்துக் கொடுத்தது நான்தான்.

கடை இருந்தது இட்டேரி முடிந்து, தார் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம். அந்த இருபது அடி ரோடு என் நினைப்பிலேயே இல்லை.

மொபெட்டில் வந்த ஒரு அம்மா மேல் கார் மோதிவிட்டது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். ஆம்புலன்ஸ் அவரை ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் மகள் போனில் அலறினாள்; நாங்கள் ஓடினோம். கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டதாகச் சாயங்காலம் தெரிந்தது.

தெரிந்த வக்கீலுக்குப் போன் போட்டோம். பதினெட்டு ஆகாத பிள்ளை ஓட்டினால் பெற்றவர்கள் மேலும் வண்டிக்குச் சொந்தக்காரர் மேலும் கேஸ் வரும், மூன்று வருஷம் வரைக்கும் ஜெயில் போட இடமுண்டு, பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடையாது என்றார். கடைசியாக, "கார் யார் பேர்லங்க?" என்று கேட்டார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கு ஒன்றும் குளிரவில்லை.

நாத்தனார் வீட்டுக்காரர்தான் வழி சொன்னார். "நாந்தான் ஓட்டுனேன்னு சொல்லிப்போடறேன். என்றகிட்ட லைசென்ஸ் இருக்குதில்ல?" எல்லாருக்கும் மூச்சு வந்தது. இனி அடிபட்டவர் ஒத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அவரிடம் பேசும் வேலை என் தலையில் விழுந்தது.

மறுநாள் காலையில் ஆரஞ்சுப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சுற்றி வளைத்து, குழைந்து, எல்லாம் பேசினேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஏனுங்க அம்மணி, உங்க பொண்ணு எறங்கி ஓடியாந்து என்ற தலையைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டா. ஆம்புலன்சு வர்ற வரைக்கும் என்ற கையை உடவே இல்லீங்க. பயந்து ஓடாம நின்ன புள்ளைய, அங்க இல்லவே இல்லைன்னு நான் எப்படீங்க சொல்றது?"

மகள் இதை எங்களிடம் சொல்லவே இல்லை. சொல்வதற்கு நாங்கள் எங்கே விட்டோம்? யார் ஓட்டியதாகச் சொல்வது என்பதிலேயே குறியாக இருந்தோம். எனக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் கூசிப்போனது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போய், ஓட்டியது மகள், சாவி கொடுத்தது நான் என்று எழுதிக் கொடுத்தேன்.

நாத்தனார் குடும்பம் ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சிறுவர்களுக்கான வாரியத்தில் மகளை விசாரித்து, புத்தி சொல்லி அனுப்பினார்கள். காரின் பதிவை ஒரு வருஷத்துக்கு ரத்து செய்தார்கள். என் கேஸ் ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. குற்றத்தை ஒத்துக்கொண்டேன். அபராதமும், கோர்ட் கலையும் வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற தண்டனையும் கிடைத்தது.

அந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தபோது தலையை நிமிர்த்தவே முடியவில்லை. அந்தக் கோலத்தைப் பார்க்கச் சகிக்காமல் வீட்டுக்காரர் வெளியே மரத்தடியில் நின்றுகொண்டார். மத்தியானம் ஊன்றுகோல் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். அந்த அம்மா! ரெண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். "தனியா உக்காந்திருப்பீங்கன்னு வந்தனுங்க. இடைவேளை உட்டாங்கன்னா சாப்புடலாம்" என்று தூக்குப்போசியைக் காட்டினார். தக்காளிச் சோறு. சாயங்காலம் கோர்ட் கலைகிறவரைக்கும், மடக்க முடியாத அந்தக் காலை நீட்டிக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

மகள் இன்றைக்கும் பஸ்ஸில்தான் காலேஜுக்குப் போகிறாள். லைசென்ஸுக்கு இன்னும் சில வருஷம் காத்திருக்க வேண்டும். அதில் அவளுக்குக் குறை இல்லை, எனக்கும் இல்லை. நாங்கள் ஜோடித்த பொய் மட்டும் எடுபட்டிருந்தால், என் மகள் அன்றைக்கு நடுரோட்டில் உட்கார்ந்து ஒரு கையை விடாமல் பிடித்திருந்தாள் என்பதே இல்லாமல் போயிருக்கும். அதை எனக்கு மீட்டுக் கொடுத்தவர், எங்களால் கால் முறிந்து கிடந்த அந்த அம்மாதான்.