தங்கம்மாவுக்குப் பதிலாக வந்தவர்

காலையில் பெயர் கூப்பிடும்போது, "தங்கம்மா" என்றேன். மூன்றாவது வாங்குப் பலகையிலிருந்து நரைத்த தாடியும் தோளில் துண்டுமாக ஒருவர் எழுந்து நின்று, "இரிக்கன் வாத்தியார்" என்றார். முந்தின வெள்ளிக்கிழமை வரைக்கும் தங்கம்மா பத்து வயதுப் பெண். இரட்டைப் பின்னல் போட்டு, கணக்கில் கெட்டிக்காரியாக, பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளிக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தவள். சனி, ஞாயிறு இரண்டு நாளில் தாடி முளைக்கிற சீமைக்கா வந்து சேர்ந்தோம் என்று திகைத்தபடி அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். வேலுப்பிள்ளைக்குப் பதிலாக அவனுடைய மாமி எழுந்தாள், இடுப்பில் கைக்குழந்தையோடு. ஐந்தாம் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் இப்படி ஒரே நாளில் வயதேறிப் போயிருந்தார்கள். மீதிப் பிள்ளைகள் இதில் அதிசயம் ஒன்றும் இல்லாதவர்கள்போல வாய்ப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு, வாத்தியார் ஏன் விழிக்கிறார் என்று என்னைத்தான் வேடிக்கை பார்த்தார்கள்.

தாமிரபரணிக் கரையில் இதைப் படிக்கும் அன்பர்களுக்கும், என்னைப் போலக் கப்பலேறி வந்து இலங்கையில் கடையிலும் தோட்டத்திலும் பள்ளியிலும் காலம் தள்ளும் நம்மவர்களுக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பில் வாவி ஊரை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. கடல் பக்கத்துக் கரை எழுவான்கரை, வயல் பக்கத்துக் கரை படுவான்கரை. சூரியன் எழுகிற பக்கம் ஒன்று, படுகிற பக்கம் ஒன்று என்று பெயரிலேயே திசையைச் சொல்லிவிட்டார்கள். நான் குடியிருப்பது எழுவான்கரையில், குருக்கள்மடத்தில். தினமும் தோணியேறி அக்கரைக்குப் போய்ப் பாடம் சொல்லிவிட்டு மறுபடி தோணியேறி வருவேன். கடல் தாண்டி வந்தது போதாதென்று நாளைக்கு இரண்டு தடவை தண்ணீர் தாண்டுவது என் தலையெழுத்து. தலைமையாசிரியர் கீழ்வகுப்புகளைப் பார்த்துக்கொண்டார். ஐந்தாம் வகுப்பு என் பொறுப்பு.

நம்மூரில் பள்ளிக்கு வராத பிள்ளைக்கு ஒரே வைத்தியம்தான். வாத்தியார் நான்கு தடிப்பையன்களை அனுப்புவார், அவர்கள் போய்க் குண்டுக்கட்டாகத் தூக்கி வருவார்கள். நானே ஒரு தடவை அப்படித் தெரு நெடுக வானத்தைப் பார்த்தபடி பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். வழியில் எங்கள் அப்பா எதிரே வந்தார். காப்பாற்றுவார் என்று அலறினேன். அவர், "கண்ணு ரெண்டையும் விட்டுட்டுப் பாக்கியை உரிச்சிருங்கன்னு வாத்தியார்ட்ட சொல்லுங்கடே" என்று தூக்கினவர்களிடம் சொல்லி அனுப்பிவிட்டு நடையைக் கட்டினார். பிள்ளையை வாத்தியாரிடம் ஒப்படைத்தாகிவிட்டது, இனித் தோல் அவர் பாடு என்பது அங்கே பெற்றோரின் நியாயம். இங்கே பெற்றோருக்கு வேறு நியாயம் இருக்கிறது என்பதை அந்தத் தாடிக்காரர்தான் எனக்குக் காட்டினார்.

அவர் தங்கம்மாவின் தகப்பன், சின்னத்தம்பி. வாயில் வெற்றிலை. துப்பிவிட்டு வரச் சொன்னதும் பணிவாகப் போய்த் துப்பிவிட்டு வந்து, முழங்கால் மோவாயில் இடிக்க மறுபடி உட்கார்ந்தார். கணக்கு வேளையில் தூங்கினார். சாயங்காலம் அவரோடு அவர் வீட்டுக்கு நடந்தேன். மாரிப்போக நெல் கதிர் தள்ளியிருந்த தை மாதம். வயல்வெளியை இங்கே வட்டை என்கிறார்கள். வட்டையெங்கும் பரண்கள், பரணுக்குப் பரண் பிள்ளைகள், கூக்குரல். என் ஐந்தாம் வகுப்பில் பாதிக்கு மேல் அங்கே ஆகாயத்தில் உட்கார்ந்து குருவி விரட்டிக்கொண்டிருந்தது.

"பிள்ளையை ஏன் நிறுத்தினீர்கள்?" என்று சின்னத்தம்பியைக் கேட்டேன். "என்னட்டக் கேட்டு என்ன வாத்தியார், ஊடு அவட" என்று மனைவியைக் கைகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். இந்தப் பக்கத்தில் கல்யாணம் ஆனால் ஆண்தான் பெண் வீட்டுக்கு வந்து சேருகிறான். வீடு பெண்ணுக்கு, அதனால் வழக்கும் பெண்ணிடம்தான். தெய்வானை முற்றத்தில் நின்றபடியே எனக்குப் பதில் சொன்னாள்.

"ஆர் நிப்பாட்டின? ஆள் அனுப்பினதானே."

"தங்கம்மாதானே வரவேண்டும்?"

"வட்டைவிதானை வாய்க்கால் வெட்டக் கூப்பிட்டா, பேர் எழுதின ஆளேதான் போகணுமோ? ஊட்டுக்கு ஒரு ஆள் போனாச் சரி. காய்ச்சலெண்டா மச்சான் போவான், மச்சானும் இல்லாட்டி மருமகன் போவான். ஆள் போனாப் பேர் வந்த கணக்கு. பள்ளிக்கூடம் மட்டும் என்ன புதினம்?"

வட்டைவிதானை என்றால் வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் தலைவர். அவர் கூப்பிட்டு ஒரு வீட்டிலிருந்து ஆள் வராமல் போவது இங்கே பெரிய மானக்கேடு. பள்ளிக்கூடத்துப் பெயர் கூப்பிடுதலையும் அவர்கள் அந்த வரிசையில்தான் வைத்திருக்கிறார்கள். பள்ளியை மதிக்காமல் பிள்ளையை நிறுத்தினார்கள் என்று கோபத்தோடு போனவன், மிதமிஞ்சி மதித்ததால் குடும்பத்தலைவரையே அனுப்பியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் எதைக் கோபிப்பது என்று தெரியாமல் நின்றேன். "அப்படியானால் சின்னத்தம்பி பரணில் இருக்கலாமே, பிள்ளை வரலாமே" என்று கடைசி அஸ்திரத்தை விட்டேன்.

"இவரோ? பரணில ஏறினா இவருக்கு நித்திர. குருவி இவர்ட தலையிலதான் வந்து குந்தும்."

ஆக, வேலைக்கு உதவாத ஆளைப் பொறுக்கி எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். சின்னத்தம்பி அதைக் கேட்டு வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. ஒன்று சொல்லவேண்டும், அவர் தம் கடமையில் குறை வைக்கவில்லை. பகலில் கேட்ட பாடத்தை மாலையில் பரணடியில் நின்று மகளுக்கு ஒப்பித்தார். நடுநடுவே தம் திருத்தமும் சேர்த்தார். "உலகம் உருண்டையெண்டு வாத்தியார் சொல்லுறார். நம்மட வட்டையப் பாத்தா அப்பிடித் தெரியல்ல. எதுக்கும் சோதினையில உருண்டையெண்டே எழுது மகள்" என்று அவர் சொன்னதை என் காதால் கேட்டேன்.

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், கலக்கம் ஒரு பக்கம். வரவு எழுதும் புத்தகத்துக்கு இங்கே இடாப்பு என்று பெயர். அந்த இடாப்பில் சின்னத்தம்பியைத் தங்கம்மா என்று எழுத என் கை துணியாது. ஆகவே உண்மையை எழுதினேன், வரவு சரிந்தது. வரவுக் கணக்கைப் பார்த்துத்தான் சர்க்கார் உதவிப் பணம் தருகிறது. இந்தத் தவணையும் குறைந்தால் ஐந்தாம் வகுப்பை மூடிவிடுவார்கள், என் வேலையும் போகும் என்று பள்ளியை நடத்தும் மனேச்சர் சொல்லிவிட்டார். அடுத்த ஐந்தாம் வகுப்பு இருப்பது வாவிக்கு அந்தப் பக்கம், எழுவான்கரையில். பெண் பிள்ளையைத் தினமும் தோணியில் அனுப்ப மாட்டார்கள். தங்கம்மாவின் படிப்பு அத்தோடு சரி. ஒளிக்காமல் சொல்கிறேன், முதலில் எனக்கு உள்ளூர ஒரு குறுகுறுப்பு. வேலை போனால் யாரும் குற்றம் சொல்லாமல் ஊர் திரும்பலாம், அம்மா கையால் சாப்பிடலாம் என்று மனம் பாதி மூட்டை கட்டிவிட்டது. ஆனால் பரண்களில் இருந்து "வாத்தியாரோ" என்று பிள்ளைகள் கூவிக் கையசைப்பதைத் தினமும் பார்க்கப் பார்க்க, கட்டிய மூட்டை கனக்கத் தொடங்கியது.

மாசி மாதம் வித்தியாதரிசி வந்தார். பள்ளிகளைச் சோதிக்க வரும் உத்தியோகத்தருக்கு இங்கே அந்தப் பெயர். வயதான ஒருவரை எதிர்பார்த்தோம். தோணியிலிருந்து இறங்கியவர் இளைஞர், யாழ்ப்பாணத்துக்காரர், தொப்பி ஒரு கையில், கழற்றிய சப்பாத்து மறு கையில். பெரிய இடத்து ஆள் வருகிறார் என்று கேள்விப்பட்டு எங்கள் பெரியவர்கள் எல்லாரும் தோய்த்த வேட்டியில் வந்து வாங்குகளை நிறைத்துவிட்டார்கள். தெய்வானையும் இளநீரோடு வந்து வாசலில் நின்றாள். அவர் இடாப்பைப் பார்த்தார், வகுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மாஸ்டர், இது பள்ளிக்கூடமோ, பஞ்சாயத்தோ?" என்றார். நான் வட்டைக் கதையைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பேனாவைத் திறந்தார். ஊருக்குப் போக எனக்கு ஆசையே இல்லை என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

தெய்வானை இளநீரை நீட்டியபடி விசாரித்தாள். "மற்றப் பெரிய ஐயா வரல்லையா?"

"அவருக்குச் சுகமில்லை அம்மா. அவருக்குப் பதிலாத்தான் என்னை அனுப்பினவை."

"அப்ப நீங்க வந்தா அவர் வந்த கணக்கோ?"

"ஓம், கணக்குத்தான்."

"அப்ப இவர் வந்தா என்ட புள்ள வந்த கணக்கில்லையோ? கவுண்மேந்து மட்டும்தான் ஆள் மாத்தி அனுப்பலாமோ?"

வித்தியாதரிசி இளநீரை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றார். பிறகு குடித்தார், முழுதும் குடித்தார். குடித்து முடித்ததும் தோள் குலுங்கச் சிரித்தார். இருந்தாலும் உத்தியோகம் உத்தியோகம்தான். சின்னத்தம்பியைத் தங்கம்மாவாக எழுதச் சட்டம் இல்லை என்று தெய்வானைக்கு மரியாதையாகச் சொன்னார். அதன்பின் அவர் கேட்ட கேள்விதான் எங்களைக் காப்பாற்றியது. எந்த மாதத்தில் குருவி, எந்த மாதத்தில் அறுவடை, எப்போது பிள்ளைகளுக்கு வயலில் வேலையே இராது என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். ஆளுக்கொரு பக்கமாகப் பெரியவர்கள் கத்தினார்கள். மாமியின் கைக்குழந்தையும் கத்தியது. அறுவடைக் காலத்துக்கு விடுமுறையை மாற்றிவைத்து, மற்றப் பள்ளிகள் ஓய்ந்திருக்கும் கோடையில் இந்தப் பள்ளியை நடத்திப் பார்க்கலாம் என்று அவர் மேலிடத்துக்கு எழுதினார். ஒரு வருஷத்துக்குச் சம்மதம் வந்தது. வரும் கோடையில் வரவைச் சோதிப்பார்கள், நிறைந்தால் வகுப்பு நிலைக்கும்.

இதற்கான விலையை நான் கொடுக்க வேண்டியிருக்கும் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. என் தங்கை சிவகாமிக்கு அந்த வைகாசியிலேயே கல்யாணம் என்று நிச்சயமானது. எனக்கு ஒரே தங்கை. மணவறையில் பெண்ணின் கையில் நெற்பொரி இடுவது அண்ணன் செய்யவேண்டிய சடங்கு. வைகாசியில்தான் சோதனை. நான் போனால் வகுப்பு இல்லை, வகுப்பு இல்லையென்றால் வரவு இல்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. தோணியில் என் முகத்தைப் பார்த்து யாரோ தெய்வானையிடம் சொல்லியிருக்கிறார்கள். அவள் பள்ளி விடும் நேரத்துக்கு வந்து காரணம் கேட்டாள். சொன்னேன்.

"இதுக்கோ வாத்தியார் இப்பிடி வாடுற? ஒரு ஆள அனுப்புங்க."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "என்ட புள்ளக்காகத்தான நிக்கிறயள். எங்கட ஊட்டுல இருந்து ஆள் வரும்" என்றாள். பின்னால் நின்ற சின்னத்தம்பி, திருச்செந்தூர் முருகனுக்குத் தமக்கு ஒரு நேர்த்திக்கடன் பாக்கி இருப்பதாகவும், அதையும் சேர்த்து முடித்துவரலாம் என்றும் மெதுவாகச் சொன்னார். நம்மூருக்கு இதை எழுதினால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். எழுதினேன். அப்பாவிடமிருந்து பதில் வரவில்லை. தலைமன்னாரில் கப்பலேறிச் சின்னத்தம்பி போய்விட்டார், தாடியைக்கூட எடுக்காமல்.

கல்யாண நாளில் நான் இடாப்பைத் திறந்து பெயர் கூப்பிட்டேன். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். தங்கம்மா, "இரிக்கன் ஐயா" என்று மற்றவர்களைவிட உரக்கச் சொன்னாள். வித்தியாதரிசி எண்ணிப் பார்த்துத் திருப்தியோடு கையெழுத்துப் போட்டார். அந்நேரம் முகூர்த்த வேளை. எனக்கு எழுத்து மங்கியது. கரும்பலகைப் பக்கம் திரும்பி, எழுதாத பலகையை நெடுநேரம் துடைத்தேன்.

சின்னத்தம்பி ஆனி பிறந்த பிறகுதான் திரும்பி வந்தார். தோணியிலிருந்து நேரே பள்ளிக்கு வந்து வாசலில் நின்றார். அவரே சொன்னார்.

"பொரி ஒண்டும் சிந்தல்ல வாத்தியார். ஒங்கட அப்பா முதல் நாள் என்னோட கதைக்கல்ல. மறுகாக் கதைச்சார். ஒங்கட அம்மா ஒங்கட இலையெண்டு சொல்லி எனக்குச் சோறு போட்டா."

"அம்மா எப்படி இருக்கிறார்கள்?"

"மெலிஞ்சுதான் இரிக்கிறா. நான் கப்பலுக்கு வெளிக்கிடக்குள்ள, மறுகா எப்ப வாறயெண்டு கேட்டா. கெதியா வாறனெண்டு சொல்லிப்போட்டன்."

"அம்மா உங்களைக் கேட்டார்களா, என்னைக் கேட்டார்களா?"

அவர் கேள்வியே விளங்காதவர்போல என்னைப் பார்த்தார். "ஆள் ஒண்டுதானே வாத்தியார்" என்றார். பிறகு, மறந்த ஒன்று நினைவுக்கு வந்ததுபோல, "கேட்டுப்போட்டு ரெண்டு கையாலயும் கன்னத்தத் தடவினா, இந்தா, இஞ்ச" என்று தம் தாடியின் மேல் கையை வைத்துக் காட்டினார்.

என் அம்மாவின் கை பட்ட இடம் எனக்கு ஒரு முழத் தூரத்தில், வெயிலில் கறுத்து, நரை ரோமம் மூடி இருந்தது. தொட்டுப் பார்க்கக் கை எழுந்தது. வகுப்பு முழுவதும் நிறைந்திருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.